ரத்தமா, நெருப்பா, மூச்சா?

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் பூங்காவில் அவளுக்குக் ‘கண்ணாடி’ என்றே பெயர். கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. பள்ளிக்கூடம் சீக்கிரம் திறக்கும், கடை தாமதமாகத் திறக்கும். மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதற்குள் நடுவில் ஒரு மணி நேரம் சொச்சம் கிடைக்கும். யாரும் உரிமை கொண்டாடாத அந்த நேரத்தைத்தான் அவள் வளைத்துப் போட்டிருந்தாள்.

தொடக்கத்தில் அவள் ஓடியதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கே அவமானம். பூங்காவின் தண்ணீர்க் குழாயிலிருந்து குப்பைத்தொட்டி வரை ஓடுவாள். அங்கே நின்று, குப்பைத்தொட்டிக்கு ஏதோ ரகசியம் சொல்பவள் மாதிரி குனிந்து மூச்சு வாங்குவாள். வீட்டில் கேலிக்குப் பஞ்சமில்லை. “யாரு துரத்துறாங்க உன்னை?” என்பான் கணவன். அவனுடைய அக்கா இன்னும் ஒரு படி மேலே போவாள். “வீட்டு வேலையை ஒழுங்கா பார்த்தாலே உடம்பு தானா இளைக்கும்மா.” உடம்பு இளைப்பதற்காக அவள் ஓடவில்லை. யாரும் எதுவும் கேட்காத ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஓட வந்தாள். வந்த பிறகு ஓட்டமே பிடித்துப்போயிற்று. குப்பைத்தொட்டியைத் தாண்டினாள், ஊஞ்சலைத் தாண்டினாள், ஒருநாள் பூங்காவை முழுக்கச் சுற்றி வந்தாள். அன்றைக்குக் கடையில் ஒரு லென்ஸைத் தலைகீழாகப் பொருத்திவிட்டுத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே அவர்கள் மொத்தம் நான்கு பேர். நால்வரும் பிள்ளை பெற்றவர்கள். டெய்லரக்கா, ஒரு நர்ஸ், ஒரு வங்கிக்காரி, பிறகு இவள். முதலில் எல்லோரும் கையில் செல்போனோடுதான் ஓடினார்கள். ஓடினார்கள் என்றா சொன்னேன்? நின்றார்கள். நீலச் சட்டை எங்கே, சர்க்கரை டப்பா எங்கே, வீட்டுச் சாவி எங்கே என்று நான்கு வீடுகளும் மாறி மாறிக் கூப்பிட்டன. சாவி கேட்டவர் கையிலேயே சாவி இருந்த கதையும் உண்டு. ஒருநாள் டெய்லரக்காவுக்கு முழங்கால் வலி. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, “எல்லாரும் போனை என் கூடையில போடுங்கடி, நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

அன்றிலிருந்து அதுவே சட்டமாயிற்று. தினம் ஒருத்தி பெஞ்சில், மற்ற மூவரும் ஓட்டத்தில். எந்தப் போன் அடித்தாலும் பெஞ்சில் இருப்பவள் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். “ரத்தமா, நெருப்பா, மூச்சா?” மூன்றில் ஒன்று என்றால் விசில் ஊத வேண்டும். மூன்றும் இல்லையென்றால், “அவ ஓடிட்டிருக்கா, அப்புறம் பேசுவா” என்று சொல்லி வைத்துவிடலாம். கேட்டவர்கள் திட்டினார்கள், முறைத்தார்கள், பிறகு சர்க்கரை டப்பாவைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். விசில் மட்டும் புத்தம் புதிதாகவே கிடந்தது.

நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று அறிவிப்பு வந்தது. நால்வரும் பெயர் கொடுத்தார்கள். கண்ணாடி அதுவரை அவ்வளவு தூரம் நிற்காமல் ஓடியதே இல்லை. அதனால் கடைக்கு விடுமுறையான ஒரு நாளில் பத்தையும் ஓடிப் பார்த்துவிடுவது என்று இறங்கினாள். பெஞ்சில் அன்றைக்கு டெய்லரக்கா.

முதல் பாதி முனகலோடு போயிற்று. அதற்குப் பிறகு கால்கள் அவளைக் கேட்காமலே ஓடின. கடைசிச் சுற்றில் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு ஓடி முடித்தாள். “அக்கா, பத்தும் முடிச்சிட்டேன்!” என்று கத்திக்கொண்டே பெஞ்சுக்கு வந்தவளிடம், டெய்லரக்கா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள்.

“நீ ஓட ஆரம்பிச்சதுமே ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. பாப்பா விழுந்துட்டாளாம், தாடையில அடியாம். ரத்தமான்னு கேட்டேன். ரத்தம் நின்னுடுச்சுன்னு ஆபீஸ்காரம்மா சொன்னாங்க. ரத்தம் இல்லைன்னா விசில் இல்லையே. அப்பாவுக்குப் போடுங்கன்னு சொல்லிட்டேன்.”

அவள் பாட்டிலைப் பெஞ்சிலேயே போட்டாள். பள்ளிக்கூடம் பூங்காவுக்குப் பின்பக்கம்தான், ஒரு சுவர் தள்ளி. பத்து கிலோமீட்டர் ஓடிய கால் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஓடியது. போய்ப் பார்த்தால், ஊரின் அந்தக் கோடியிலிருக்கும் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கணவன் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான். மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தாடையில் தையல் போடவைத்து, திரும்பக் கூட்டிவந்து, பையை எடுத்துக்கொண்டிருந்தான். மகள் கையில் ஐஸ்கிரீம்.

“அம்மா, எனக்குத் தையல் போட்டாங்களே!” என்றாள் அவள், பரிசு வாங்கியவள் மாதிரி.

கணவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டுக்கு வரும்வரை வாயே திறக்கவில்லை. கதவைச் சாத்திய பிறகு திறந்தான். “ஓடிட்டிருக்காளாம்! குழந்தை ரத்தம் ஒழுக நிக்குது, சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா ஓடிட்டிருக்காளாம்! மேனேஜர் முன்னாடி மீட்டிங்ல பாதியில எழுந்து வந்தேன். என் மானமே போச்சு.”

மகளின் தாடையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரமே வீட்டுக்கு ஒரு ட்ரெட்மில் வந்து இறங்கியது. கணவன் வாங்கியது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், சமையலறைக்கு எதிரே வைத்தான். “உன்னை ஓடாதேன்னா சொல்றேன்? வீட்டுக்குள்ள ஓடு. குழந்தையும் கண்ணு முன்னாடி இருப்பா” என்றான். அவனுடைய அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. “எந்தப் புருஷன் இப்படி வாங்கித் தருவான்? நீ கொடுத்து வெச்சவ” என்றாள். அவளும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள்.

அந்த இயந்திரத்தில், ஓடுபவர் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. ஓடுபவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். பாதுகாப்புக்காக வைத்தது. அந்த வீட்டில் அதற்கு வேறு வேலை கிடைத்தது. அம்மாவிடம் எதுவும் கேட்க வேண்டுமென்றால் கயிற்றை இழுத்தால் போதும் என்று மகள் கண்டுபிடித்தாள். அவளைப் பார்த்து அப்பாவும் கற்றுக்கொண்டான். பென்சில் சீவ ஓர் இழுப்பு, சார்ஜர் தேட ஓர் இழுப்பு. ஒருநாள் விருந்துக்கு வந்த அக்காகூட, “இதைத்தானே இழுக்கணும்?” என்று இழுத்துப் பார்த்துவிட்டு, சும்மாதான் இழுத்தேன் என்றாள்.

ஓட்டம் என்பது ஒருநாள் விட்டால் ஒரு வாரம் கோபித்துக்கொள்கிற சமாசாரம். கடை மாடிக்கு லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது அவளுக்கு இரைத்தது. படியின் நடுவில் நின்றுவிட்டாள். மாதக் கணக்கில் குப்பைத்தொட்டி, ஊஞ்சல் என்று காலால் சம்பாதித்தது எல்லாம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

அன்று மாலை கடைக்கு டெய்லரக்கா வந்தாள். ஊசியில் நூல் கோக்கிற கண்ணாடியின் காலை ஒடித்துக் கொண்டுவந்திருந்தாள். “அடியே, ஆளையே காணோம்? என்மேல கோவமா? தப்பு என்னோடதுதான். ரத்தம் இருக்கான்னு கேட்டுட்டேன், வந்துச்சான்னு கேட்டிருக்கணும். சட்டத்தை மாத்தியாச்சு. இப்ப ‘குழந்தையா’ன்னும் ஒரு கேள்வி சேர்த்திருக்கோம். அன்னைக்கு சாயந்திரமே உன் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி மன்னிப்பும் கேட்டுட்டேன்.”

“அவர்கிட்டயா? என்கிட்ட சொல்லவே இல்லையே. என்ன சொன்னாரு?”

“‘பரவாயில்லைங்க, இனிமே அவ அங்க வரமாட்டா, அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்’னாரு.”

ஒடிந்த கண்ணாடிக் காலைத் திருகிக்கொண்டிருந்த திருப்புளி அப்படியே நின்றது. ஏற்பாடு! அன்றைக்குச் சாயங்காலமே முடிவாகிவிட்டதா? அவள் மகளின் பிளாஸ்திரியைப் பார்த்துப் பார்த்து உருகிக்கொண்டிருந்தபோதே, அவள் எங்கே ஓடலாம் எங்கே ஓடக்கூடாது என்பது தீர்மானமாகியிருக்கிறது. அதைப் பரிசு என்று சொல்லிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான், அவளும் நன்றி சொல்லியிருக்கிறாள். அந்த நன்றியை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தவள் நேரே ட்ரெட்மில்லில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் கணவன் வந்து கயிற்றை இழுத்தான். அவள் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“ரிமோட் எங்க?” என்றான்.

அவள் இறங்கினாள். “நீங்க என்ன ஏற்பாடு பண்ணீங்க?”

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. “குழந்தைக்காகத்தான். அன்னைக்கு நடந்தது தப்பில்லையா?”

“தப்புதான். உடனே என்னைக் கூப்பிட்டிருக்கணும். அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வலிக்குது. ஆனா அவளுக்கு அப்பா இருந்தாரு. வந்தாரு, தையல் போட வெச்சாரு, ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்தாரு. அவ சிரிச்சுக்கிட்டுதான் இருந்தா. நீங்க வந்ததுல என்ன தப்பு?”

“நான் வேலையில இருந்தேன்!”

“நானும் வேலையிலதான் இருப்பேன். காய்ச்சல்னு போன் வரும், வாந்தின்னு போன் வரும். தேய்ச்சுக்கிட்டிருக்கிற லென்ஸை அப்படியே போட்டுட்டு வருவேன். என் மானம் எத்தனை தடவை போச்சுன்னு நீங்க கேட்டிருக்கீங்களா? ஒரே ஒரு தடவை நீங்க வந்தீங்க. அதுக்கு ஒரு மெஷினையே வாங்கி என்னைக் கட்டிப் போட்டுட்டீங்க.”

“உனக்கு ரொம்பக் கொழுப்பு ஏறிடுச்சு.”

“ஏறினா நல்லதுதான். ஓடிக் கரைச்சுக்கறேன். நாளைக்குப் பூங்காவுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை அந்தப் பத்தையும் ஓடறேன்.”

“ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல சாப்பாடு!”

“மத்தியானம்தானே. குழந்தையை ரெடி பண்ணி வையுங்க, வந்துடறேன்.” இடுப்பிலிருந்த கயிற்றைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். ரிமோட் எங்கே என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். மகள் மட்டும் தூக்கக் கலக்கத்தில் வாசல் வரை வந்து கையசைத்தாள்.

விட்ட வாரங்களுக்குக் கால்கள் வஞ்சம் தீர்த்தன. நர்ஸும் வங்கிக்காரியும் முன்னால் போய் மறைந்தார்கள். டெய்லரக்காகூட முழங்காலைத் திட்டிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனாள். பாதி தாண்டியதும் விலா எலும்புக்குக் கீழே குத்தத் தொடங்கியது. நின்றுவிடலாமா என்று தோன்றியது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. யாரும் கூப்பிடவில்லை. யாரும் எதையும் இழுக்கவில்லை. பழி போட ஒருத்தரும் இல்லாத தெருவில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே, அவள் தன்னந்தனியாக இருந்தாள். இன்றைக்கு நின்றால் அவளாகத்தான் நிற்க வேண்டும். “போடி” என்று தன்னைத்தானே சத்தமாகத் திட்டினாள். பக்கத்தில் ஓடிய ஓர் ஆள் பயந்து விலகினான். அவள் நடக்கவில்லை, நிற்கவில்லை, அழகாக ஓடினாள் என்றும் சொல்ல முடியாது. சாலையோரத் தடுப்புகளை ஆட்கள் எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கோட்டைத் தாண்டினாள். கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் அவள் பெயர் வந்துவிடும். வானத்தைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டாள்.

வீட்டுக்கு வந்தால் மகள் உடுத்திக்கொண்டு தயாராக நின்றாள். சட்டைப் பொத்தான்கள் ஒரு படி தள்ளிப் போடப்பட்டிருந்தன. தலையில் இரட்டைப் பின்னல். ஒன்று காதுக்கு மேலே, மற்றது பிடரியில். நடுவில் வகிடு என்று ஒன்று கிளம்பி, வழி தெரியாமல் எங்கோ போயிருந்தது.

“அப்பா பின்னினாரு. மூணு தடவை அவுத்துப் பின்னினாரு” என்றாள் மகள்.

அவளுக்குக் கை பரபரத்தது. ஒரு நிமிட வேலை. சீப்பு எதிரிலேயே கிடந்தது. கணவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அவள் சீப்பை எடுக்கட்டும் என்று காத்திருந்தான். அவள் பொத்தானைக்கூடத் தொடாமல் குளிக்கப் போனாள்.

அக்கா வீட்டில் கதவு திறந்ததுமே தொடங்கியது. “ஐயையோ, என்ன கோலம் இது! அம்மா ஊர் சுத்தப் போனா குழந்தை இப்படித்தான் நிக்கும். வாடா கண்ணு, அத்தை சரியா பின்னி விடறேன்” என்று அக்கா சீப்போடு வந்தாள். வந்திருந்த உறவுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கண்ணாடி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

“தொடாதீங்க அண்ணி. அது அவங்கப்பா பின்னினது.”

“அதான் தெரியுதே, பார்க்கச் சகிக்கலையே!”

“என் முதல் நாள் ஓட்டத்தை நீங்க பார்க்கலை அண்ணி. இது எவ்வளவோ பரவாயில்லை” என்றாள் அவள், கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படியாக. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு ஸ்கூலுக்கும் நீங்கதான் பின்னி, கொண்டுபோய் விடணும். நான் விடியும்போதே போயிடுவேன்.”

கணவன் மகளின் தலையைப் பார்த்தான், அக்காவின் கையிலிருந்த சீப்பைப் பார்த்தான். எழுந்து வந்து அந்தச் சீப்பை வாங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.