குமாரி வீட்டுச் சவிட்டி

மனைவி ரத்னபாயின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே, வீட்டை ஒதுக்கிப்போட வேதமாணிக்கம் வந்துவிட்டார். முதலில் கண்ணில் பட்டது வாசற்படியில் கிடந்த சவிட்டி. அவள் பழைய சேலைகளைக் கிழித்துப் பின்னிய கால் துடைப்பான். போதகரும் சபையாரும் வருகிற வீட்டில் கந்தல் கிடக்க வேண்டாம் என்று, அதைக் குப்பைக்குழியில் போட்டுத் தீ வைத்தார். மருமகன் பினு கடையிலிருந்து புதிது வாங்கி வந்து போட்டான். அதில் ‘வெல்கம்’ என்று எழுதியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் ஏறினார்கள்.

ஒரு மாதம் கழிந்து, மகள் ரெஜிலா அம்மாவின் சேலைகளை முதியோர் இல்லத்துக்குக் கட்டி எடுத்தாள். “ஒண்ணு ரெண்டு வச்சுக்கிடட்டா அப்பா?” என்று கேட்டாள்.

“எல்லாத்தையும் கொண்டு போ மக்கா. எனக்குப் பாத்துக்கிட்டு இருக்க ஒக்காது.”

அலமாரி காலியான பிறகுதான், அதுவும் பார்க்க ஒக்காது என்று தெரிந்தது.

மழை பிடித்த ஒரு மாலையில், பக்கத்து வீட்டுக் குமாரி சாயா குடிக்கக் கூப்பிட்டாள். படியில் கால் வைக்கப் போன வேதமாணிக்கம் அப்படியே நின்றார். அங்கே கிடந்த சவிட்டியில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு பின்னல் ஓடியது. ரெஜிலாவின் ஞானஸ்நானத்துக்கு ரத்னபாய் கட்டியிருந்த சேலை. அதை ஒட்டி மங்கிய பொன் கரை, பிறகு கருஞ்சிவப்பு, மறுபடியும் மஞ்சள். எந்த நிறமும் சும்மா வந்து விழுந்ததாக இல்லை.

“என்ன அண்ணே, மழையில நிக்குதிய? ஏறி வாருங்க.”

“இந்த மஞ்சள்…”

“ரத்னக்காக்க சேலையாக்கும். கரை எனக்க ஓணத்து முண்டு. ரெண்டு வீட்டுத் துணியையும் ஒண்ணாக் கிழிச்சுப் போட்டு, அக்கா ரெண்டு சவிட்டி பின்னினா. இதுக்க ஜோடி ஒங்க வாசல்ல கிடந்ததுல்லா, எங்க வச்சிருக்குதிய?”

“எரிச்சிட்டேன்.”

குமாரி, “அக்கா சொல்லுவா, எங்க கண்டக்டருக்குக் கால் தொடைக்கத் தெரியும், குனிஞ்சு பாக்கத் தெரியாதுண்ணு” என்றாள்.

ஏழு வருடம் கண்டக்டர் வேலை முடிந்து வந்து, பஸ் ஸ்டாண்டுச் சேற்றை அந்தச் சவிட்டியில்தான் துடைத்திருக்கிறார். கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை எதற்கு உட்கார்ந்து பின்னுகிறாய் என்று கேட்டும் இருக்கிறார்.

“குமாரி, இத எனக்குத் தருவியா?”

அவள் சவிட்டியைப் பார்த்தாள். “எனக்கும் அவளுக்கதுண்ணு இது ஒண்ணுதான் உண்டு அண்ணே.” ஆனாலும் எடுக்கக் குனிந்தாள்.

“வேண்டாம், கிடக்கட்டு” என்றார் அவர்.

குழாயடிக்குப் போய்க் கால்களைச் சேறு போகக் கழுவினார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் துடைத்துவிட்டு, சவிட்டியைத் தாண்டி ஏறக் காலை நீட்டினார்.

“அதச் சவிட்டி ஏறுங்கண்ணே. அதுக்காக்கும் அவ பின்னினது.”

அவர் ஒரு காலை வைத்தார். பின்னலின் முடிச்சுகள் உள்ளங்காலில் பட்டன. மறு காலை எடுத்து வைக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.