துவக்கில் கட்டிய நூல்

காலை ஆறு பத்துக்குத் துவக்கில் மஞ்சள் நூல் கட்டினார்கள்.

வத்தேகமைக்கு மேலே, தேயிலைச் சரிவில், படப்பிடிப்பின் முதல் நாள். பூசையில் கமராவுக்கு ஒரு நூல், துவக்குக்கு ஒரு நூல். மூடுபனி இரண்டையும் நனைத்திருந்தது.

துவக்கு, தோட்டக் காவலாளி இராமகிருஷ்ணனின் ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் இருந்ததால் இரவில் அது அவர் வீட்டுக்குப் போய்விடும். பகலில், படப்பிடிப்புச் சாமான்களைக் கவனிக்கும் றஞ்சனாவின் பொறுப்பு.

ஒத்திகை நாட்களில் அவள் ஒவ்வொரு முறையும் அதை மடித்துத் திறப்பாள். நடிகை சர்மிளா பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பார்ப்பாள். மறுமுனையில் வட்டமாக ஒரு துண்டு ஆகாயம். "சரிக்கா" என்பாள். அதன் பிறகே துவக்கு நடிகன் டிலக்சனின் கைக்குப் போகும். அவன் சர்மிளாவைக் குறிவைத்து விசையை இழுக்க வேண்டும். சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள்.

நூலை மடிப்பின் மேலேயே கட்டியிருந்தார்கள். திறந்தால் அறுந்துவிடும்.

"முதல் ஷொட் முடியட்டும் அக்கா," என்றான் இயக்குநர் துஷாந்த். "இப்பவே அறுத்தா அபசகுனம்னு பேசுவாங்க. நேத்துப் பாத்தீங்கதானே?"

"ஓம். நாலு மணிக்குப் பாத்தனான்."

சர்மிளா வந்தாள்.

"இன்னைக்கு ஆகாயம் காட்டலியாக்கா?"

"பாத்திட்டன். நீ போய் நில்லு."

சர்மிளா பனிக்குள் நடந்தாள். முதலில் பாதங்கள் இல்லாமல் போயின. பிறகு சேலையின் சிவப்பு வெளுத்தது. ஒரு சவுக்கு மரம் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. கீழே எங்கேயோ மடவளை பஸ்ஸின் ஹோர்ன், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

இராமகிருஷ்ணன் பிளேன்டீயோடு றஞ்சனாவின் அருகில் வந்து நின்றார்.

"ராத்திரி முழுக்கக் குந்தியிருந்தேம்மா. ஒரு பன்னி வரல. எல்லாம் படத்துல நடிக்கப் போயிருச்சுங்க போல."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"துவக்கோடயோ இருந்தனீங்கள்?"

"பின்ன, கம்போடயா?"

டிலக்சன் துவக்கை உயர்த்திவிட்டான். துஷாந்தின் கை மேலே போயிருந்தது.

"நிப்பாட்டுங்கோ!"

தன் குரலை அவள் தூரத்திலிருந்து கேட்டாள். ஓடினாள். குழலை மேலே தள்ளி, துவக்கைப் பறித்து, மடித்தாள். நூல் சத்தமில்லாமல் அறுந்தது.

உள்ளே சிவப்பாக ஒரு தோட்டா இருந்தது.

அதை எடுத்தாள். உள்ளங்கையில் குளிர்ந்தது.

பனிக்குள்ளிருந்து முதலில் சேலையின் நிறம் வந்தது. பிறகு சர்மிளா. அருகே வந்து றஞ்சனாவின் கையைப் பார்த்தாள். தோட்டாவை ஒரு விரலால் தொட்டாள்.

"அக்கா, பாத்திட்டன்னு சொன்னீங்களே?"