தீட்டுப் பொங்கல்

திங்கட்கிழமை காலையில் திருமலைச்சாமி கவுஞ்சி மலைக்கிராமத்தில் தன் பூண்டுக் காட்டிலேயே விழுந்து இறந்துபோனார். வியாழக்கிழமை பொங்கல். கத்தாரில் இருந்த மகன் பழனிக்குமாருக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தவள் அவர் மனைவி வடிவுதான். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், என் கண்ணுகளா. மகனுக்கு அங்கே சாரம் கட்டுகிற வேலை. இருபது மாடி உயரத்தில், இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, குழாயில் நின்றே குழாயைப் பூட்ட வேண்டும். பாஸ்போர்ட் கம்பெனிக்காரர்களிடம் இருந்தது. போன வருஷம் கூட வேலை பார்த்த ஒருவனுக்குத் தாய் இறந்தபோது, அதைக் கையில் வாங்கவே பதினோரு நாள் ஆனதாம்.

"வரவும் முடியாது. அழுதுக்கிட்டே மேல ஏறுவான். ஒருத்தரத் தூக்கிக் குடுத்தது போதும்," என்றாள் வடிவு.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்று சொன்னால் தரையில் கிடந்து அழுவான் என்று நினைத்தாள். இன்னொன்றும் இருந்தது. கேம்பில் இருக்கிற இருபத்திரண்டு தமிழ் ஆட்களுக்கும் இந்த வருஷம் அவன்தான் பொங்கல் வைக்கிறான். ஒரு மாதமாகக் கெஞ்சி மதியம்வரை லீவு வாங்கியிருந்தார்கள். மூன்று வருஷமாகப் பொங்கலன்று மெஸ்ஸில் ரொட்டியும் பருப்பும் தின்ற பிள்ளை, ஒரு வேளை நிறைவாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தாள்.

கொள்ளி வைத்தது திருமலைச்சாமியின் அண்ணன் மகன் கோகுல்ராஜ். யாரும் போனில் படம் போட வேண்டாம் என்று அவனே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வந்தான்.

பொங்கல் காலையில் பானை பொங்குவதைப் பார்க்கப் பழனிக்குமார் வீடியோவில் வருவான் என்பது தெரியும். திருமலைச்சாமியின் தங்கை வேலுத்தாய் கையை விரித்துவிட்டாள்.

"தீட்டு வீட்டுல எப்பிடி மதினி பால் வைக்கிறது?"

எதிர்வீட்டு ராஜகுமாரி பங்காளி இல்லை, அவளுக்குத் தீட்டும் இல்லை. அவள் வாசலில் பானை வைத்திருந்தாள். அதைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று முடிவானது. தாலி கழற்றுவது பதினாறாம் நாள்தான் என்பதால் அது வடிவின் கழுத்திலேயே கிடந்தது. முகம் கழுவி, குங்குமம் வைத்துக்கொண்டு, தன் வாசலில் வந்து நின்றாள். வேலுத்தாய் அதைப் பார்க்க மாட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. கோகுல்ராஜ் முதலில் பானையைக் காட்டினான்.

"ரெண்டு வீட்டுக்கும் சேத்தே வச்சுட்டோம்ணே."

"சோம்பேறிப் பயலுகளா," என்று சிரித்தான் பழனிக்குமார். அவனுக்குப் பின்னால் பெரிய அலுமினியச் சட்டியில் பால் சூடேறிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த கொடைக்கானல் ஜெபக்குமார் தலையை நீட்டினான்.

"அம்மா, உங்க மகன் ஏழு கிலோ வெல்லம் தட்டி வச்சிருக்கான். மதியம் எல்லாரும் மேல ஏறித் தூங்கப்போறோம்."

"ஏலே, கிறிஸ்மஸுக்கு நீ சுட்ட கேக்க வச்சு இன்னும் ஆணி அடிச்சிக்கிட்டு இருக்கோம். பேசாம இரு."

வடிவும் சிரித்துவிட்டாள்.

"அப்பா எங்கம்மா? மூணு நாளா போனே போகல."

"காட்டுமாடு எறங்கிருச்சுன்னு வெள்ளனே போனாருய்யா. அங்க டவர் கெடைக்காதுல்ல."

"நல்ல நாள்லயுமா," என்றவன், சற்று நிறுத்தினான். "கோகுலு, போனக் கொஞ்சம் மேல தூக்கு. எறவாரத்தக் காட்டு."

பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ மூன்றையும் கொத்தாக்கி, வாசலுக்கு மேலே ஓடு முடிகிற இறவாரத்தில் செருகுவார்கள். காப்புக் கட்டுவது என்று பேர். மலையடியில் பாலசமுத்திரத்திலிருந்து ஜீப்பில் வரும் பூளைப்பூவுக்காகத் தெருவே காத்திருக்கும். சாவு விழுந்த வீட்டில் மட்டும் அது இருக்காது. பானைக்கு வழி தேடியவர்கள் இதை மறந்துபோனார்கள்.

வடிவும் நிமிர்ந்து பார்த்தாள். ஓடு வெறுமையாக இருந்தது.

"யாரும்மா?" என்று கேட்டான் பழனிக்குமார்.

அவள் ஓட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவா?"

காலையிலிருந்து அழுகையை அடக்கி வைத்திருந்த வேலுத்தாய் உள்ளேயிருந்து ஓவென்று அழுதாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

"எப்ப?"

"திங்கக்கெழம."

"கொள்ளி?"

"நான்தாண்ணே," என்றான் கோகுல்ராஜ்.

அங்கே பால் ஏறிவிட்டது. "பழனி, பொங்குது, வெரசா வாலே," என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொருவன் கையிலும் பிடி அரிசி இருந்தது. தீட்டுக்காரன் அந்தச் சட்டியைத் தொடக்கூடாது. காரணத்தைச் சொன்னால் ஒருவனும் ஒரு வாய் தின்ன மாட்டான்.

பழனிக்குமார் போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்தான்.

"ஜெபா, கரண்டிய நீ பிடி. கை சுட்டுருச்சு."

"நான் வேதக்காரன்டா."

"கிண்டுறதுக்கு என்ன வேதம். அரிசியப் போடச் சொல்லு."

எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்றார்கள். அவனும் வாயசைத்தான். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். ஒருவன் தட்டை நீட்டியபோது பல்வலி என்றான். இன்னொருவனிடம் சாப்பிட்டாச்சு என்றான். வடிவு எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் போனை எடுத்தான்.

"பன்னண்டு மணிக்கு ஏறணும்மா."

"விஷயத்தச் சொல்லி இன்னிக்கு மட்டும் நில்லுய்யா."

"சாயங்காலம் சொல்லிக்கிறேன். நீ சாப்டியா?"

"சாப்டேன்," என்றாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் காப்பிதான் குடித்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி ஏழரைக்கு மறுபடி கூப்பிட்டான். "எறங்கிட்டேன். எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். சாப்டேன்." மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஜெபக்குமார் கூப்பிட்டான்.

"அம்மா, பழனிக்கு என்ன? நேத்து பெல்ட்டு மாட்டாமயே பதினாறாவது மாடிக்கு ஏறிட்டான். நான் பாத்துக் கத்துனேன். கேட்டா பல்லு வலிங்கிறான். சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கான்."



"அவங்கப்பா செத்துட்டாருய்யா. திங்கக்கெழம. நாளைக்கு அவன ஏற விடாத. மேஸ்திரி காலுல விழுந்தாவது நிப்பாட்டு."



"அப்ப நேத்து நாங்க தின்னது..." என்று ஆரம்பித்து ஜெபக்குமார் நிறுத்திக்கொண்டான்.

"நல்லா இருந்துச்சாய்யா?" என்று கேட்டாள் வடிவு.

"இருந்துச்சும்மா."