செய்து பார்த்ததா, கேள்விப்பட்டதா?

கரமனையில் ஆற்றுக்குப் போகும் தெருவில் நெல்லையப்பன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது மகள் நீதுவின் படிப்புக்காக என்றுதான் பெயர். அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கடைசி. இரண்டே மாதத்தில் அதை அதிகம் தொடுகிறவள் அவர் மனைவி வடிவு என்று ஆகிவிட்டது. மத்தியானத்தில் அவர் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் இருப்பார். நீது பள்ளியில் இருப்பாள். அவருடைய விதவை அக்காள் பகவதியம்மாள் உண்ட மயக்கத்தில் இருப்பாள். இன்டர்நெட்டும் போன் கம்பி வழியாகத்தான் வரும் என்பதால் அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டு போன் யாருக்கும் கிடைக்காது.

"எப்பப் போட்டாலும் எங்கேஜ்டு. அப்படி என்னதான் பேசுதே?" என்பார் நெல்லையப்பன்.

"பேசல்லே, எழுதுதேன்" என்பாள் வடிவு.

எழுதியது 'அடுக்களைக் கூட்டம்' என்ற மின்னஞ்சல் குழுவுக்கு. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மார்த்தாண்டத்துக்காரி லீலாபாய் தொடங்கிய குழு. நாற்பது பெண்கள் நாலு திசையில் இருந்துகொண்டு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி ஊர்க்கதை பேசினார்கள். பாட்டிலில் ஒட்டின லேபிள் பசை போகத் தேங்காயெண்ணெய் தடவு என்பாள் ஒருத்தி. வெதுவெதுப்பான பாலில் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு வைத்தால் உறைமோர் இல்லாமலே தயிராகும் என்பாள் இன்னொருத்தி. உடனே நம்பாத பத்துப் பேர் பால் காய்ச்சப் போவார்கள். முகம் பார்க்காத அந்தப் பெண்களை வடிவுக்குத் தன் சொந்தக்காரர்களைவிடப் பிடித்திருந்தது. அதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். குறிப்பு எழுதுகிறவள் கடைசி வரியில் 'செய்து பார்த்தேன்' என்றோ 'கேள்விப்பட்டேன்' என்றோ எழுதியாக வேண்டும். இதில் கதை விட்டால் தப்ப முடியாது. செய்து பார்த்துவிட்டுச் சண்டைக்கு வர மற்றவர்கள் தயாராக இருப்பார்கள்.

அந்த மாசி மாதம் வடிவுக்கு வீட்டில் ஒரு அவமானம் நடந்தது. போன வருஷத்து மாவடு ஜாடி பூசணம் பூத்துவிட்டது. பகவதியம்மாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "தூரமா இருந்தவ தொட்டிருக்கா. பின்னே பூக்காம என்ன செய்யும்?"

வடிவு தொடவில்லை. தொடுவதற்கு வழியும் இல்லை. மாதத்தில் மூன்று நாள் அவளுக்குப் பின்கட்டு அறைதான். தனிப் பாய், தனித் தட்டு, எட்ட நின்று போடும் சோறு. பதினைந்து வருஷமாக இதுதான் நடப்பு. பகவதியம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது ஆகிவிட்டதால் முப்பது நாளும் அடுக்களை அவள் ராஜ்யம். நெல்லையப்பனுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்காளை எதிர்த்து ஒரு சொல் பேச அவருக்கு நாக்கு எழாது.

அன்று மத்தியானம் வடிவு குழுவில் கேட்டாள்: 'மாவடு பூக்காமல் இருக்க என்ன வழி?' பதில்கள் வந்து கொட்டின. உப்பைக் கூட்டு, ஜாடியை வெயிலில் காயவை, ஈரக் கரண்டி போடாதே. அதோடு ஐந்து பேர், அந்த மூன்று நாள் தொடாதே என்றும் எழுதியிருந்தார்கள். அதில் ஒருத்தி டொரண்டோவில் எம்.எஸ்ஸி. படித்தவள்.

லீலாபாய் ஒரு வரிதான் எழுதினாள். 'ஐந்து பேரும் கடைசி வரியை விட்டுவிட்டீர்களே, செய்து பார்த்ததா, கேள்விப்பட்டதா?'

அப்புறம் ஒவ்வொருத்தியாக எழுதினார்கள். கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன். என் அத்தை சொன்னாள், கேள்விப்பட்டேன்.

வடிவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. யாரும் செய்தே பார்க்காத ஒன்றுக்காகவா தன்னை இத்தனை வருஷம் மூலையில் உட்கார வைத்தார்கள்? 'நான் செய்து பார்க்கப் போகிறேன், கூட யார் வருகிறீர்கள்?' என்று எழுதினாள். சாயந்தரத்துக்குள் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். டொரண்டோக்காரியும் வந்தாள்.

ஏற்பாடு சுலபமானது. ஒரே மாவடு, ஒரே அளவு உப்பு, இரண்டு ஜாடி. ஒன்றை அந்த நாட்களில் வெறுங்கையால் கிளற வேண்டும். மற்றதை அந்த நாட்களில் தொடவே கூடாது. பகவதியம்மாள் தினமும் காலையில் பஸ் ஏறிப் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் வடிவு பின்கட்டிலிருந்து எழுந்து, கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, சாமான் அறைக்குள் போய் ஜாடிக்குள் மணிக்கட்டு வரை விட்டுக் கிளறினாள். முதல் மாதம் அவசரமாக இரண்டு சுற்றுக் கிளறிவிட்டு ஓடி வந்தாள். இரண்டாம் மாதம் ஒரு பாட்டு முணுமுணுத்தாள். மூன்றாம் மாதம், வந்ததுதான் வந்தோம் என்று அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக் குடித்தாள். தன் சமையலறையில் தானே திருடிக் குடித்த அந்தக் காப்பி ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் திருட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமும் வந்தது.

மற்ற நாட்களில் இரண்டு ஜாடியிலிருந்தும் எடுத்துப் பரிமாறினாள். பகவதியம்மாள் தயிர்சாதத்துக்குத் தினமும் இரண்டு வடு கடித்தாள். "போன வருசம் மாதிரி இல்லே, இந்தக் கொல்லம் நல்லா அமைஞ்சிருக்கு" என்று சொல்லி நாகர்கோவில் தங்கச்சிக்கு ஒரு குப்பி கொடுத்தும் விட்டாள்.

ஆனி மாதம் எல்லோரும் கணக்கு ஒப்பித்தார்கள். டொரண்டோவில் தொட்ட ஜாடி பூத்துவிட்டது என்றதும் வடிவுக்குப் பகீரென்றது. மறுநாள் சிங்கப்பூரில் தொடாத ஜாடி பூத்துவிட்டது என்று வந்தது. குடைந்து விசாரித்ததில், இரண்டு வீட்டிலும் புருஷன்மார் ஈரக் கரண்டி போட்டிருந்தார்கள். மற்ற ஜாடி ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. 'ஆண்கள் தொட்டால்தான் கெடும் போலிருக்கிறது' என்று லீலாபாய் எழுத, குழு இரண்டு நாள் சிரித்தது. வடிவு தன் கடிதத்தின் அடியில் 'செய்து பார்த்தேன்' என்று எழுதி அனுப்பினாள். வீட்டில் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. சண்டைக்கு ஒரு நாள் வரும் என்று தள்ளிப் போட்டாள்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை வந்தது. குளியலறையிலிருந்து நீது "அம்மே" என்று கூப்பிட்ட குரலே சொல்லிவிட்டது.

"பேடியா இருக்கு அம்மே" என்று பயந்து அழுதாள். பதிமூன்று வயது.

"பேடிக்க ஒண்ணும் இல்லே மக்களே. எல்லாருக்கும் வாறதாக்கும்." வடிவு அவளைக் குளிப்பாட்டி, விவரம் சொல்லி, தலை துவட்டி அழைத்து வந்தாள். வந்து பார்த்தால் பின்கட்டு அறையில் பாய் விரித்திருந்தது. தட்டும் தம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. பகவதியம்மாள் எதையும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒரு முழம் பிச்சிப்பூ கூட வாங்கி வைத்திருந்தாள்.

"பிள்ளையை அங்க இருத்து. பதினாறு நாள். அடுக்களைப் பக்கம் வரப்பிடாது, கேட்டியா."

"எனக்குத் திங்கக்கிழமை பரீட்சை" என்றாள் நீது. அவள் அந்த அறையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை வடிவால் தாங்க முடியவில்லை. இன்று இவள் உள்ளே போனால் நாளைக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு பின்கட்டு இவளுக்காகக் காத்திருக்கும். தனக்கு நடந்ததை அவள் பொறுத்துக்கொண்டாள். இதைப் பொறுக்க அவளுக்கு மனசு இல்லை.

நெல்லையப்பன் சாப்பாட்டுக்கு வந்து மேஜை முன் உட்கார்ந்தார். வடிவு சாமான் அறைக்குப் போய் இரண்டு ஜாடியையும் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மைனி, இதுல ஒண்ணு நான் தூரமா இருக்கச்செல எல்லாம் கைவிட்டுக் கிளறினது. மத்தது அப்பத் தொடாதது. நாலு மாசமா ரெண்டையும் நீங்க சாப்பிடுதியோ. எது எதுன்னு சொல்லுங்கோ."

"சிவ சிவா!" பகவதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் குனிந்து ஒரு ஜாடியை மோந்து பார்த்தாள். மற்றதையும் மோந்தாள். மறுபடி முதல் ஜாடியை. நிமிர்ந்தபோது அவள் தம்பியைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கே தெரியல்லே" என்றாள் வடிவு.

"ஊறுகாய் கெடல்லேன்னா போகட்டும். குடும்பம் கெட்டுப் போகும்டீ."

"நாலு மாசம் ஆச்சு மைனி. தூரமா இருந்த அன்னைக்கே அடுப்பைப் பத்தவச்சுக் காப்பியும் போட்டுக் குடிச்சிருக்கேன். என்ன கெட்டுப் போச்சு? சொல்லுங்கோ."

நெல்லையப்பன் தொண்டையைக் கனைத்தார். "வடிவு, ஒரு பதினாறு நாள்தானே. அக்காக்க மனசு..."

"அக்காக்க மனசுக்கு நான் பதினஞ்சு வருசம் குடுத்தாச்சு. பிள்ளையைக் குடுக்க மாட்டேன்." குரல் உயர்ந்ததை அவள் அடக்கவில்லை. "நீது, இங்க வா. அப்பாவுக்குச் சோறு போடு."

நீது ஈரத் தலையோடு வந்தாள். சோற்றுக் கரண்டியால் அள்ளிப் போட்டாள். இரண்டு பருக்கை மேஜையில் சிந்தியது.

"நெல்லையப்பா, அதைத் தொடாதே" என்றாள் பகவதியம்மாள்.

அவர் தட்டைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். வடிவு அவரைக் கெஞ்சவில்லை. அவர் சாப்பிடாவிட்டாலும் நீது அந்த அறைக்குள் போகப் போவதில்லை என்று அவள் முடிவு செய்தாகிவிட்டது. கடைசியில் அவர் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். "கொழம்பு இன்னும் கொஞ்சம் விடு மக்களே" என்றார்.

பகவதியம்மாள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா சாப்பிடல்லியே. போய்க் கூப்பிடு வடிவு."

"கூப்பிடலாம். ஆனா நீது கூப்பிடட்டும். சோறும் அவளே போடட்டும்."

நீது அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அத்தையின் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்க மறந்து, நீது போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

"அத்தே, சோறு போட வந்திருக்கேன். கதவைத் தொறங்கோ."