கையில் இருந்த சென்சார்

அக்கா ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். அங்கே தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜின் குளிர்ச்சியை அளந்து திரையில் காட்ட ஒரு எலக்ட்ரானிக் போர்டு செய்து கொடுத்தது நான்தான். அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லோர் காதும் புளித்துப்போயிருந்தது. போன வாரம் என் மகளுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டதும் அங்கேதான், அக்கா கையால்.

மேல்தட்டில் ஏற்கெனவே ஒரு சென்சார் இருந்தது. கீழ்த்தட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று அக்கா கூப்பிட்டாள். மாட்டினேன். புதியது வாயே திறக்கவில்லை. திரையில் மேலே 4.2 டிகிரி, கீழே வெறும் கோடு. ஒயரை மாற்றினேன், சால்டரைத் திரும்ப வைத்தேன், ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். அக்கா எட்டிப்பார்த்து, பெரிய இன்ஜினியருக்கு டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு சென்சாரும் ஒரே ஒயரில்தான் போர்டோடு பேசுகின்றன. ஒன்று கெட்டு வழியை அடைத்துக்கொண்டால் மற்றதும் பேச முடியாது. எதற்கும் பார்ப்போமே என்று மேல்தட்டுச் சென்சாரைக் கழற்றிக் கையில் எடுத்தேன். உடனே புதியது பேசியது. 14.6.

திரையில் மேலே இன்னும் 4.2 என்றே இருந்தது. அந்தச் சென்சாரோ என் உள்ளங்கையில்.

லேப்டாப்பில் நான் எழுதிய புரோகிராமைத் திறந்தேன். சென்சார் பதில் சொல்லாவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டு என்று ஒரு வரி. மருத்துவமனை டாக்டரிடம் போர்டை முதன்முதலாகக் காட்டிய அன்று ஒயர் லூசாகி எண் வந்து வந்து மறைந்தது. மானம் போகக்கூடாதென்று நானே எழுதி, நானே மறந்த வரி. பதிவைப் பார்த்தேன். பத்தொன்பது நாளாக ஒரு புள்ளிகூட அசையாமல் 4.2. அதற்கு நடுவில் ஃபிரிட்ஜ் எப்போது படுத்ததென்று யாராலும் சொல்ல முடியாது. கை வைத்தால் ஜில்லென்றுதான் இருக்கும், ஆனால் மருந்து இருக்கும் இடம் எட்டு டிகிரியைத் தாண்டக்கூடாது.

அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கெட்டுப்போன மருந்து விஷமாகாது, ஆனால் காப்பாற்றவும் காப்பாற்றாது. ஊரில் அம்மை பரவிக்கொண்டிருந்த நேரம். கரண்ட் போச்சுன்னு சொல்லிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா எழுந்து ரிஜிஸ்டரை எடுத்து விரலை ஓட்டினாள்.

"இந்தப் பத்தொன்பது நாள்ல முப்பத்தாறு குழந்தைங்க. உன் பொண்ணு பதினாலாவது."

"அவளுக்கு முதல்ல..."

"வரிசைப்படிதான். ஊசி நான் போட்டேன், திரும்பவும் நானே போடறேன். நீ போன் பண்ணு. என்ன நடந்துச்சுன்னு உன் வாயால சொல்லு."

முதல் எண்ணை அழுத்தினேன். யாரும் எடுக்கக்கூடாதே என்று இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.