பொறுமைப் பரீட்சை

கிழக்கு வெளுக்கும் முன்பே சங்கரன்கோவில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த பஞ்சு அரவை மில் இரைய ஆரம்பித்துவிடும். மேலே நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகள் ஒவ்வொரு மிஷினையும் இழுத்து ஓட்டும். மிஷினுக்கு ஒருவர் நின்று, ஓயாமல் பருத்தியை உருளைகளுக்குள் தள்ளவேண்டும். பஞ்சு ஒரு பக்கம் வரும், கொட்டை ஒரு பக்கம் விழும். தூசி தொண்டையை அடைத்து, துப்பினால் எச்சில் திரிதிரியாக வரும்.

போன வாரம் அந்த உருளை மூக்காண்டியின் வலக்கையை இழுத்தது. மிஷினை நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் சாத்தியிருக்கும் மூங்கில் கழியால் பெல்ட்டைத் தட்டிவிட்டால் நின்றுவிடும். அடுத்த மிஷினில் நின்ற வெள்ளத்துரை கழியை எடுத்தான்.

"ஏலே, பெல்ட்டைத் தொட்டா வெட்டிப்போடுவேன். ரயிலடியில சரக்கு வேகன் காத்துக் கெடக்கு. கையை உருவச் சொல்லு" என்று கத்தினார் முதலாளி பெத்துராஜ்.

வெள்ளத்துரை தயங்கினான். அந்தத் தயக்கத்துக்குள் மூக்காண்டிக்கு முழங்கை வரை போய்விட்டது. ரத்தம் தோய்ந்த பஞ்சைக்கூட முதலாளி வீணாக்கவில்லை. சிப்பத்தின் நடுவில் வைத்துக் கட்டச் சொன்னார். மனுஷனாகப் பிறந்தவன் செய்கிற காரியமா இது?

மூக்காண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் இடத்துக்கு வேலை கேட்டு அவன் மனைவி பிச்சம்மாள் மில் வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச அவளுக்கு வேறு வழியில்லை.

அந்த மில்லில் ஆள் எடுக்க ஒரு முறை உண்டு. முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொறுமை இருக்கிறதா என்று கேட்பார். வாய்ப் பேச்சு போதாது. எழுந்து கன்னத்தில் ஓங்கி ஒன்று விடுவார். கண்ணை மூடாமல், கையை உயர்த்தாமல் நின்றால் வேலை. சுதந்திரம் வந்த அன்றைக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த மனுஷர்தான். ஆனாலும் வாசலில் பழைய சட்டம் மாறவில்லை. உள்ளே இருந்த அத்தனை பேரும் அந்த அடியை வாங்கி வந்தவர்கள். புதிதாக வருகிறவனிடம், "வாங்கியாச்சா? அப்பச் சரி" என்று சிரிப்பார்கள். அவமானத்தை அப்படித்தான் விழுங்கிச் செரித்தார்கள்.

மில்லில் வேலை பார்க்கும் சுப்புத்தாய் அன்று காலையிலேயே பிச்சம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "ஏட்டி, பல்லைக் கடிச்சுக்கோ. இப்பம் புதுசா ஒண்ணு கேக்காக. கூட நிக்கவனுக்கு மிஷின்ல கை போனா என்ன செய்வேன்னு. எஞ்சோலியப் பாப்பேன்னு சொல்லிரு. வேற எதுவும் பேசாத."

பெத்துராஜ் வெற்றிலையை மென்றுகொண்டே ஏறிட்டுப் பார்த்தார்.

"மூக்காண்டி பொண்டாட்டியா? பொறுமை உண்டா ஒனக்கு?"

"உண்டு, மொதலாளி."

"ஏசுனா?"

"கேட்டுக்கிடுவேன்."

"நெருக்கடி நேரம். வேகன் நிக்கு. சோறு திங்க விடமாட்டேன். என்ன செய்வ?"

"பசியோட நிப்பேன்."

"கூட நிக்கவனுக்குக் கை போகுது. அப்பம்?"

சொல்லவேண்டிய பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் வேலை. வாசலை ஒட்டிய மிஷினில் நின்ற வெள்ளத்துரை அவளையே பார்த்தான்.

"பெல்ட்டைத் தட்டிவிடுவேன்" என்றாள்.

அறை விழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

"சரியாச் சொல்லு."

"பெல்ட்டைத் தட்டிவிடுவேன்."

அடுத்த அடியில் உதடு கிழிந்தது. பெத்துராஜ் நாற்காலியில் சாத்தியிருந்த பிரம்பை எடுத்தார். கழுத்திலும் தோளிலும் விளாசினார். பிச்சம்மாள் மண்ணில் விழுந்தாள், கையை ஊன்றி எழுந்தாள்.

"என்னட்டி செய்வ?"

"தட்டிவிடுவேன்."

உள்ளே ஒரு பெல்ட் தடாரென்று கழன்று விழுந்தது. வெள்ளத்துரையின் கையில் கழி இருந்தது. மேஸ்திரி ஓடிவந்து இரும்புக் கம்பியால் அவன் மண்டையில் அடித்தான். நெற்றியில் ரத்தம் வழிய வெள்ளத்துரை கழியை விடாமல் நின்றான். அதற்குள் சுப்புத்தாய் தன் பெல்ட்டைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அடுத்தவன் தட்டினான். மிஷின் மிஷினாக இரைச்சல் அடங்கி, மேலே தண்டு மட்டும் வெறுமனே சுழன்றது. மேஸ்திரி கம்பியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான்.

கழிகளோடு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். மறுபடி ஓங்கிய பிரம்பை வெள்ளத்துரை பிடித்து முறித்தான்.

"போலீஸைக் கூப்பிடுவேன். புளியங்குடியில இருந்து ஆள் கொண்டாந்து ஓட்டுவேன்" என்றார் பெத்துராஜ்.

"கொண்டாங்க. அவுகளும் ஒங்ககிட்ட அடி வாங்கித்தான உள்ள வரணும். வாசல்லயே அவுககிட்ட நாங்க பேசிக்கிடுதோம்" என்றாள் சுப்புத்தாய்.

"மூக்காண்டிக்கு வைத்தியம் பாக்கணும். இந்தப் பிள்ளைக்கு வேலை குடுக்கணும். இனி ஒருத்தர் மேலயும் ஒங்க கை படக் கூடாது. அதுவரைக்கும் பெல்ட் ஏறாது" என்றான் வெள்ளத்துரை.

சொல்லிவிட்டு வாசலை அடைத்து உட்கார்ந்தான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். போலீஸ் வரும், அடி விழும், பட்டினி கிடக்கவேண்டி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பிச்சம்மாள் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள். முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டு முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மொதலாளி, நெருக்கடி நேரம். வேகன் நிக்கு. ஒங்களுக்குப் பொறுமை உண்டா?"

ரயிலடியில் எஞ்சின் கூவியது. முதலில் கண்ணைச் சிமிட்டியவர் பெத்துராஜ்தான்.