கணினிக்குச் சவப்பெட்டி

லேசர் இயந்திரம் மரமூடியில் 'ஷீலா' என்று எரித்துக்கொண்டிருந்தபோது கேரன் சிரித்தாள். ஆர்டரில் வயது ஒரு நாள் என்று போட்டிருந்தது. வாங்கிய மறுநாளே செத்துப்போன லேப்டாப். எவனோ ஒரு அப்பாவியின் தலையில் நன்றாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

செத்த கணினிகளுக்குச் சவப்பெட்டி விற்பதுதான் அவளுக்கும் கணவன் டேரிலுக்கும் தொழில். கூலிம் நகரில் வேலை பார்த்த காலத்தில் நண்பனின் பழைய லேப்டாப்புக்கு டேரில் விளையாட்டாக ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தான். அதை எடுத்துப் போட்ட வீடியோ எங்கெங்கோ போய், கணினிப் பித்துப் பிடித்தவர்களெல்லாம் எனக்கு உனக்கு என்று கேட்க ஆரம்பித்தார்கள். கார் நிறுத்தும் இடத்தில் தொடங்கியது இப்போது கோலா கெத்திலில் இரண்டு மாடிக் கடையாகிவிட்டது. சிங்கப்பூருக்குக்கூடப் பார்சல் போகிறது. வாங்குகிறவர்கள் கணினிக்குப் பெயர் வைத்துப் பிள்ளை மாதிரி வைத்திருப்பவர்கள். ரோஸி, லட்சுமி என்று எத்தனையோ பெயர்களைக் கேரன் எரித்து அனுப்பியிருக்கிறாள். பெயருக்குக் கீழே கடையின் வாசகம் ஆங்கிலத்தில் தானாக விழும்: 'அமைதியாக உறங்கு. உனக்கு பேக்கப் கிடையாது.' அந்த வரிக்காகவே வாங்கினார்கள். போன மாதம் டேரில் பணம் கட்டி, கெடா மாநிலத்தில் யார் சவப்பெட்டி என்று தேடினாலும் தங்கள் கடையே முதலில் வரும்படி செய்திருந்தான். பார்ப்பவரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டான்.

மதியம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பெயர் பழனியாண்டி என்றார்.

"குணாளன் பேர்ல ஆர்டரும்மா. என் அக்கா மவன். உள்ள மெத்துனு எதுவும் இருக்கா?"

"ஸ்பாஞ்ச் இருக்கு அங்கிள். ஆடாது."

"அது போதும்லா. பாப்பா ரொம்பச் சின்னது."

கேரனின் கண் ஆர்டரில் இருந்த 'வயது ஒரு நாள்' என்ற வரிக்குப் போயிற்று. நிறுத்தியிருக்கலாம். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் நின்றாள். பிளாஸ்டிக் உறை சுற்றிய பெட்டியை முன்னால் வைத்து அணைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். வாயைத் திறக்காத தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"விடு," என்றான் நடந்ததைக் கேட்ட டேரில். "இப்ப போயி சொன்னா நம்மளே காட்டிக் கொடுத்த மாதிரி. பேப்பரு, நெட்டு எல்லாத்துலயும் போட்டுருவாங்க. கடை முடிஞ்சிரும்."

"புள்ள, டேரில். புள்ள."

"தெரியாமத்தானே செஞ்சோம்."

அவள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தோட்டத்து இடுகாடு செம்பனை வரிசை முடிகிற இடத்தில் இருந்தது. அவள் வருவதற்குள் பெட்டியைக் குழியில் இறக்கிவிட்டிருந்தார்கள். கழற்றிய பிளாஸ்டிக் உறை ஓரமாகக் கிடந்தது. குழி வெட்டிய வங்காளதேசி ஆள் தள்ளி நின்றான். வேறு யாரும் இல்லை. பழனியாண்டி குழியோரம் குந்தியபடி கைப்பேசியை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார்.

"கடைப் பொண்ணா? வாம்மா. புள்ளையப் பெத்தவ, தேவகி, ஆஸ்பத்திரியில கெடக்குறா. குணாளன் அவள விட்டுட்டு வர முடியல. பேர மட்டும் படம் புடிச்சு அனுப்பச் சொன்னா." கண்ணை இடுக்கிப் பார்த்தார். "பேரு அழகா வந்திருக்கு. அடியில இங்கிலீசுல என்னாம்மா எழுதியிருக்கு?"

கேரன் சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, அதிக ஆழமில்லாத அந்தக் குழிக்குள் குனிந்து, பெயருக்குக் கீழே வைத்தாள்.

"மொத மண்ணு சொந்தக்காரங்க போடணும்மா," என்றார் பழனியாண்டி. அவர் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

மூடி நடுவில் மேடாக இருந்ததால் மண் நிற்காமல் சரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக மீண்டும் தெரிய ஆரம்பித்தது. அவள் உள்ளங்கையை விரித்து அந்த வரியின்மேல் அழுத்திக்கொண்டாள்.

"எடுங்க அங்கிள்."

"கை மறைக்குதும்மா. கைய எடு."

அவள் எடுக்கவில்லை. கைப்பேசித் திரையில் ஷீலாவின் பெயரும், அதன் கீழே மண் அப்பிய ஐந்து விரல்களும் தெரிந்தன.